கதவருகே நிற்கும் அவளுக்காக

ஓநாயாகவும் சிறுத்தையாகவும் கரடியாகவும் மாறும் காதலர்களைப் பற்றி நாவல் எழுதுகிறவர்களுக்கும், அவற்றைப் பதிப்பிக்கிறவர்களுக்கும்,

வணக்கம். இருபது வருடங்களுக்கு மேலாக உங்கள் கதைகளைப் படித்துவருகிறேன். ஒரு தொடர் பிடித்துவிட்டால் ஏழாம் பாகம், எட்டாம் பாகம் என்று விடாமல் போகிறவள் நான். முதல் பாகத்தில் ஓரமாக நின்ற தம்பிக்கு நான்காம் பாகத்தில் தனிக் கதை கிடைத்தால் சொந்த வீட்டு விசேஷம் போல மகிழ்வேன். அந்த உரிமையில்தான் உங்களிடம் ஒன்று கேட்க வந்திருக்கிறேன்.

இந்தக் கதைகளில் எனக்கு உயிரான இடம் ஒன்று உண்டு. தான் யார் என்பதை ஒருவர் இன்னொருவருக்குக் காட்டும் இடம். “கொஞ்சம் தள்ளி நில், பயப்படாதே” என்று சொல்லிவிட்டு அவன் மாறுகிறான். எலும்புகள் இடம் பெயர்கின்றன. குரல் போய்விடுகிறது. இனி அவனால் எந்த விளக்கமும் சொல்ல முடியாது. நான்கு காலில் நின்றபடி அவள் முகத்தைப் பார்க்கிறான். அவள் ஓடலாம், கத்தலாம், கதவைச் சாத்திக்கொள்ளலாம், கையை நீட்டலாம். எதைச் செய்வாள் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த மூன்று நான்கு பக்கங்களுக்காகத்தான் நான் முந்நூறு பக்கம் படிக்கிறேன்.

அந்த இடம் வர வரச் சுருங்கிக்கொண்டே போகிறது. இப்போதெல்லாம் முதல் அத்தியாயத்திலேயே அவன் மோப்பம் பிடித்துவிடுகிறான். “என் மேட்!”, அதாவது விதி எனக்கென்று குறித்த துணை, என்று உள்ளிருக்கும் ஓநாய் கத்துகிறது. விதி முடிச்சுப் போட்டாயிற்று. அதன்பிறகு அவள் எத்தனை முறை மறுத்தாலும் அது பக்கம் நிரப்புவதாகத்தான் தெரிகிறது. அவன் உருமாறிக் காட்டும்போது அவள் ஏற்றுக்கொள்வாள் என்பது எல்லாருக்கும் முன்பே தெரியும். ஆகவே இரண்டு பத்தியில் அது முடிந்துவிடுகிறது. நிராகரிக்கப்பட்ட மேட் கதைகள் இந்த விஷயத்தில் கொஞ்சம் மேல், அங்கே ஒருவரால் வேண்டாம் என்று சொல்லவாவது முடிகிறது. ஆனால் அவற்றில் பலவற்றிலும் அந்தப் பிணைப்பே உடம்பை வதைத்து இருவரையும் திரும்ப இழுத்துவந்து சேர்த்துவிடுகிறது.

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். பதினான்கு வயதிலிருந்து எனக்கு வலிப்பு நோய். வருவதற்குச் சில நொடிகள் முன்னால், எங்கும் எதுவும் எரியாமலே ஒரு கருகல் வாசனை வரும். அப்புறம் ஒன்றும் தெரியாது. கண் விழிக்கும்போது நாக்கில் பல் பட்ட காயம், அடித்துப்போட்டது போல உடம்பு வலி. சுற்றி நிற்கிறவர்கள் என்னிடம் எதையோ பார்த்துவிட்டிருப்பார்கள். அதை நான் ஒருநாளும் பார்க்க முடியாது. பத்தொன்பது வயதில் முதல் ஓநாய் மனிதன் கதையைப் படித்தேன். விடியற்காலையில் எங்கோ விழுந்து கிடந்து எழுகிறான். வாயில் இரத்தச் சுவை. நேற்றிரவு என்ன நடந்தது என்று நினைவில்லை. யாரும் பார்த்திருக்கக் கூடாதே என்ற ஒரே தவிப்பு. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பற்றி அதுவரை யாரும் அவ்வளவு சரியாக எழுதியதில்லை.

பின்னால் எனக்கு ஒருவரைப் பிடித்துப்போனபோது, “இப்போதே சொல்லாதே, போகப் போகத் தெரிந்துகொள்ளட்டும்” என்றார்கள், என்மேல் அன்பு உள்ளவர்கள். நான் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்தபின் அவர் பேசாமல் இருந்த நேரம் ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது. அந்த ஒரு நிமிடமும் நான் நான்கு காலில் நின்றேன். பிறகு அவர் கேட்டார்: “வந்தால் நான் என்ன செய்யணும்?” ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, இறுக்கிப் பிடிக்கக் கூடாது, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். எழுந்து போய்விடக்கூடிய ஒரு மனிதர் போகாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டார். விதி அவரை என்னோடு கட்டிப்போட்டிருந்தால் அந்தக் கேள்வியை இத்தனை வருடம் நான் பொத்திவைத்திருக்கமாட்டேன்.

பழைய கதைகள் இந்த இடத்தை விட்டுவிடவில்லை. வேடனாக, வேங்கை மரமாக, கிழவனாக முருகன் மாறி மாறி வந்தாலும், கடைசியில் தன் உருவைக் காட்டும்போது வள்ளி என்ன செய்யப்போகிறாள் என்றுதானே நாம் காத்திருந்தோம்? 12ஆம் நூற்றாண்டில் மாரி த பிரான்ஸ் என்ற பெண் கவிஞர் எழுதிய கதைப்பாடல் ஒன்று உண்டு. அதில் ஒரு பிரபு வாரத்தில் மூன்று நாள் ஓநாயாகக் காட்டில் திரிகிறான். மனைவி விடாமல் கேட்கக் கேட்க உண்மையைச் சொல்கிறான். கழற்றிய உடைகளை ஒளித்துவைக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறான். அவை இல்லாமல் அவன் மனிதனாகத் திரும்ப முடியாது. தன்மேல் ஆசை வைத்திருந்த ஒரு வீரனை அனுப்பி அவள் அந்த உடைகளை எடுத்துவிடுகிறாள். நம்பிச் சொன்னவன் ஓநாயாகவே சிக்கிக்கொள்கிறான். பிறகு மன்னன் அவனை வேட்டையில் கண்டு அரண்மனைக்கு அழைத்துப் போவதும், ஓநாய் அவள் மூக்கைக் கடித்துப் பிய்ப்பதும் உண்டு. அந்தப் பழிவாங்கலை என்னால் ரசிக்க முடிந்ததில்லை. ஆனால் உண்மையைச் சொல்கிறவன் எதைப் பணயம் வைக்கிறான் என்று எண்ணூறு வருடங்களுக்கு முன்பே அந்தப் பெண் கவிஞருக்குத் தெரிந்திருந்தது.

ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் சொல்லப்படும் செல்கி கதைகளை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். கடல்நாய்த் தோலைக் கழற்றிவைத்துவிட்டுப் பெண்ணாகக் கரையேறுகிறவளின் தோலை ஒருவன் ஒளித்துவைத்துவிடுகிறான். போக வழியில்லாமல் அவனுக்கு மனைவியாகிறாள், பிள்ளைகள் பெறுகிறாள். பல வருடம் கழித்து அந்தத் தோல் கைக்குக் கிடைத்ததும் கடலுக்குத் திரும்பிவிடுகிறாள். இதைப் படிக்கும்போதெல்லாம் உங்கள் மேட் பிணைப்புதான் ஞாபகம் வருகிறது. ஒளித்துவைத்த தோலுக்கு நீங்கள் விதி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

சரி, ஆல்பாவுக்கு, அதாவது உங்கள் ஓநாய்க் கூட்டத்தின் தலைவனுக்கு வருகிறேன். அவன் கட்டளையிடுவான், கூட்டம் தலைகுனியும், அவளும் மெல்லப் பணிவாள், கேட்டால் ஓநாயின் இயல்பு அது என்பீர்கள். அந்தக் கருத்து அடைபட்ட ஓநாய்களிடமிருந்து வந்தது. விலங்கு ஆய்வாளர் ருடால்ஃப் ஷெங்கல் 1947இல் வெளியிட்ட ஆய்வு உயிரியல் பூங்காவில் இருந்த ஓநாய்களைப் பற்றியது. ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய புத்தகம் அதை உலகமெல்லாம் கொண்டுபோனது. அதே மெக், கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கோடைதோறும் காட்டு ஓநாய்களோடு இருந்து பார்த்துவிட்டு, 1999இல் அதைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தந்தை, அவற்றின் பிள்ளைகள். சண்டை போட்டுத் தலைமை பிடித்தவர் அங்கே யாரும் இல்லை. தன் பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடம் அவரே கேட்டார். பதிப்பாளர்கள் இந்த ஒரு செய்தியை மட்டுமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மை ஓநாயின் காதல் உங்கள் ஆல்பாவுடையதைவிட அழகு. ஒன்று முதல் மூன்று வயதுக்குள் பெரும்பாலான ஓநாய்கள் பிறந்த கூட்டத்தை விட்டுத் தனியே கிளம்பிவிடுகின்றன. ஸ்லோவேனியாவில், இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டிய ஒரு இளம் ஆண் ஓநாய் 2011 டிசம்பரில் அப்படிக் கிளம்பியது. ஸ்லாவ்ட்ஸ் என்று பெயர். நெடுஞ்சாலைகளையும் ஆறுகளையும் கடந்து, ஆஸ்திரியா வழியாக ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடந்து, இத்தாலியில் வெரோனாவுக்கு வடக்கே உள்ள லெசீனியா மலைப்பகுதிக்கு வந்து சேர்ந்தது. அங்கே இன்னொரு திசையிலிருந்து வந்து தனியே திரிந்த ஒரு பெண் ஓநாய் இருந்தது. அதற்கு ஜூலியட்டா என்று பெயர் வைத்தார்கள். 2013இல் குட்டிகள் பிறந்தன. இந்தக் கதையில் எந்த இடத்திலும் யாரும் யாருக்கும் கட்டளையிடவில்லை. குளிர்காலம் முழுவதும் நடந்துவந்த ஒன்றும், விரட்டாமல் இருந்த ஒன்றும்தான் இருக்கின்றன.

பிணைப்பையே விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அந்த மின்னல் பிடிக்கும். அவனுக்கு மட்டும் அது தெரியட்டும், அவளுக்குத் தெரியாமல் இருக்கட்டும். அல்லது இருவருக்கும் தெரிந்தும் அவள் ஆறு மாதம் எடுத்துக்கொள்ளட்டும். மாறும்போது வலிக்குமா, மாறியபின் என் பெயர் ஞாபகம் இருக்குமா, நமக்குப் பிறக்கும் பிள்ளை எப்படி இருக்கும் என்றெல்லாம் அவள் கேட்கட்டும். அவனுக்குப் பதில் தெரியாத கேள்வியும் அதில் இருக்கட்டும். அவள் மறுத்தால் அவன் உடம்பு நோகாமல் விலகிப் போக வழி இருக்கட்டும். முடிவு இன்பமாகத்தான் இருக்கும் என்று தெரிந்தேதான் இந்த நாவல்களை வாங்குகிறேன். அந்த வாக்கை நீங்கள் மீற வேண்டியதில்லை. அதற்கு முன்னால் ஒரு நிமிடமாவது எனக்குப் பயமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த நாவலில் அந்தக் காட்சி வரும்போது, அவன் மாறி முடித்துவிட்டான், அவள் கதவருகே நிற்கிறாள் என்றால், அங்கே அவசரப்படாதீர்கள். கதவின் தாழ்ப்பாளில் அவள் கை இருக்கிறதா, இல்லையா என்று எழுதுங்கள். மூச்சை எழுதுங்கள். பத்துப் பக்கம் ஆனாலும் நான் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகி