அந்தக் கண்ணாடி பீரோவைத் திறந்து வையுங்கள்

எங்கள் வட்டாரத்து நூலகங்களைப் பொறுப்பில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

எங்கள் நூலகத்தில் பூட்டிக் கிடக்கும் குழந்தைகள் புத்தக பீரோவைத் திறந்து வைக்கச் சொல்லிப் போன மாதம் நான் எழுதிக் கொடுத்த மனு உங்கள் மேசைக்கு வந்திருக்கும். அதற்கு முன்னால் ஆலோசனைப் பெட்டியில் போட்ட இரண்டு தாள்களும் வந்து சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் குழந்தைகள் புத்தகம் எந்த பீரோவில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, ஏன் எப்போதும் பூட்டியே கிடக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாத சங்கதி இல்லை. அதைத் திரும்ப விளக்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன். இரண்டு நாளாக அது மனசைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது.

என் மகளுக்கு இரண்டு வயது நான்கு மாதம். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். காலையில் எட்டு மணிக்குக் கம்பெனி வண்டி வந்துவிடும். திரும்பி வீட்டுப் படி ஏற ராத்திரி எட்டு ஆகிவிடும். ஞாயிறு ஒரு நாள்தான் பிள்ளையோடு முழுசாக இருக்க முடிகிறது. அன்றைக்கு அவளைக் குளிப்பாட்டி, ரெட்டைக் குடுமி போட்டு, நூலகத்துக்குக் கூட்டிப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "பொத்தகம், பொத்தகம்" என்று குதித்தாள்.

உள்ளே நான்கு பெரியவர்கள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில் அந்தக் கண்ணாடி பீரோ. கீழ்த்தட்டில், அட்டையில் யானை போட்ட புத்தகம் ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. சரியாக அவள் உயரத்துக்கு இருக்கிறது. ஓடிப் போய்க் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு "ஆனெ" என்றாள். உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எடுத்துக் கொடு என்கிற பார்வை.

நூலகர் எழுந்து வந்தார். தன்மையான மனிதர்தான். "ஏனுங்கம்மா, எழுத்தே தெரியாத கொழந்தைக்குப் புத்தகம் எதுக்குங்க?" என்றார். நான் மடியில் வைத்துப் பக்கத்தைக் காட்டி வாசிப்பேன், வீட்டில் தினமும் அப்படித்தான் செய்கிறோம் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பா நெனைக்காதீங்க. கிழிச்சுப்போட்டா ஆடிட்டுல நான்தானுங்க பதில் சொல்லோணும். என் கைக்காசுல கட்டோணும்." அதற்குள் இவள் இன்னொரு முறை "ஆனெ" என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து, குழந்தையை வெளியே கூட்டிப் போகச் சொன்னார். கூட்டிப் போனேன்.

படியில் உட்கார்ந்து செருப்பு மாட்டிவிடும்போது அவள் கேட்டாள்: "ஆனெ தூங்குதா?"

"ஆமா கண்ணு, தூங்குது" என்றேன். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இருப்புப் பதிவேட்டைப் பற்றி என்ன சொல்லிப் புரியவைப்பது?

அந்த நூலகர் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. பீரோவைத் திறந்தால் தன் சம்பளத்தில் கைவைப்பார்கள் என்று பயந்தால் யாராக இருந்தாலும் பூட்டித்தான் வைப்பார்கள். அவரைப் பயமுறுத்தி வைத்திருக்கிற நடைமுறை மேல்தான் என் கோபம். அதை மாற்றும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். ஆகவே உங்களிடம் கேட்கிறேன்: அந்த பீரோவைத் திறந்து வையுங்கள்.

எழுத்துத் தெரியாத குழந்தைக்குப் புத்தகம் எதற்கு என்ற கேள்விக்கு எங்கள் வீட்டிலேயே பதில் இருக்கிறது. இவளுக்கு ஏழு மாதம் ஆனபோது முதல் புத்தகத்தை நானும் என் அம்மாவும் சேர்ந்து தைத்தோம். கம்பெனியில் கழிவாகப் போகிற வெள்ளை பனியன் துணியில் ஆறு பக்கம். ஒரு பக்கத்தில் காக்கா, ஒரு பக்கத்தில் நிலா, ஒரு பக்கத்தில் வேப்பிலை என்று வண்ணத் துண்டுகளை வெட்டி ஒட்டித் தைத்தது. அதைத்தான் அவள் சப்பினாள், தலைக்கு வைத்துத் தூங்கினாள், அரிசியும்பருப்புஞ்சாதத்தை அதன்மேல் ஈஷினாள். துவைத்துக் காயப்போட்டு மறுபடியும் வாசித்தோம். அப்புறம் மாதம் ஒன்றாகக் கெட்டி அட்டைப் புத்தகம் வாங்க ஆரம்பித்தேன். ஒன்று 250 ரூபாய்க்குக் குறைவாக எனக்குக் கிடைத்ததில்லை. சனிக்கிழமை சம்பளத்தில் மளிகைக்கும் சீட்டுக்கும் போக, நாலு வாரம் எடுத்து வைத்தால் ஒன்று வாங்கலாம். வாங்க முடியாத மாதமும் உண்டு. இன்றைக்குத் துணிப் புத்தகத்தோடு சேர்த்துப் பதினொன்று இருக்கிறது.

அந்தப் பதினொன்றும் ஒரு தக்காளிப் பெட்டியில் இருக்கின்றன. பெட்டியைப் படுக்கப்போட்டு, அட்டைப் படம் முன்னால் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்திருக்கிறேன். முதுகு மட்டும் தெரிகிற மாதிரி அடுக்கி வைத்தால் சின்னக் குழந்தைக்கு அது புத்தகம் என்றே தோன்றுவதில்லை. படம் தெரிந்தால் தானாகப் போய் எடுக்கிறாள். ராத்திரி நான் கை கால் கழுவிக்கொண்டு வருவதற்குள் ஒன்றை எடுத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருப்பாள். பின்பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து வந்து என் மடியில் ஏறுவாள். ஒரே புத்தகத்தை எட்டு முறை, பத்து முறை கேட்பாள். அசதியில் நான் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டால் என் விரலைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு போய் அந்தப் பக்கத்தில் வைப்பாள். ஒன்றே முக்கால் வயதுவரை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தவள், ஒருநாள் தானே புரட்டி நேராகப் பிடித்தாள். எனக்குத் தெரிந்து யாரும் அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் பிள்ளையைப் பிரிந்திருக்கும் எனக்கு அந்த அரை மணி நேரம் எப்படிப்பட்டது என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

பகலில் அவளைப் பார்த்துக்கொள்வது அவளுடைய அமுச்சி. என் அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவர், எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் எங்கள் வீட்டில் அவர்தான் நன்றாகப் புத்தகம் வாசிப்பார். மாட்டுப் படம் வந்தால், "இது நம்ம செவலையாட்டவே இருக்குது பாரு சாமி, கழுத்துல மணி மட்டும் இல்லை" என்று ஆரம்பித்து, அந்தச் செவலையை ஒருமுறை கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிப் போன கதைவரைக்கும் போய்விடுவார். எங்கள் வாசலில் எதிர் லைன் வீட்டுப் பையனும் வந்து உட்கார்ந்துகொள்வான். பீகாரிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். அவனுக்கு மூன்று வயது. இவள் படத்தைத் தொட்டு "ஆனெ" என்பாள், அவன் "ஹாத்தி" என்பான். இப்போது இரண்டு பேருக்கும் இரண்டு வார்த்தையும் தெரியும். எழுத்துத் தெரிந்தபிறகுதான் புத்தகம் என்று வைத்திருந்தால் இந்த மூன்று பேருக்குமே அந்தப் பக்கம் திறந்திருக்காது.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் 1992இல் 300 கைக்குழந்தைகளின் வீட்டுக்குப் புத்தகம் கொடுத்து ஒரு திட்டத்தை ஆரம்பித்தார்கள். அந்த ஊர் நூலகங்களும் அதில் சேர்ந்திருந்தன. பிறகு அது நாடு முழுக்கப் பரவியது. பிறந்ததிலிருந்தே குழந்தைக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லும்படி அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல் தன் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. நம் ஊரிலும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை யாரும் மறந்துவிடவில்லை. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டார்கள். பெயரைக் கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. ஆனால் நுழைவதற்கு முன்னால் ஒரு பிள்ளை தவழ வேண்டும் அல்லவா? அந்தத் தவழும் பிள்ளைக்கு எங்கே இருக்கிறது ஒரு புத்தகம்? எங்கள் ஊரில் அது உங்கள் கண்ணாடி பீரோவில் இருக்கிறது.

கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்று சொல்வீர்கள். வாங்குகிறேன். எதிர் லைன் வீட்டுப் பையனுக்கு யார் வாங்குவது? ஆகஸ்ட் மாதம் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்குப் போனால் பை நிறைய வாங்கலாம் என்று ஆசையாக இருக்கும். பஸ் செலவும் ஒரு நாள் சம்பளமும் போக மீதியில் ஒன்றோ இரண்டோதான் கைக்கு வரும். வீட்டில் பதினொன்று இருக்கிறது, நூலகத்திலிருந்து வாரம் இரண்டு வந்து போனால் வருஷத்தில் நூறு புத்தகம் அவள் மடியில் ஏறி இறங்கியிருக்கும். நூலகம் என்று ஒன்று இருப்பதே இதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று தனியாக ஒரு வரி போட்டு வாங்குகிறார்கள். வீட்டு வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா. அதைக் கட்டுவதில் எனக்கு வருத்தமே கிடையாது, பெருமைதான். சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அப்போது கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார், நான் தினமும் வேலைக்குப் போகிற இதே திருப்பூரில் பிறந்தவர். தமிழில் குழந்தைகளுக்கென்று 10 தொகுதிகளில் கலைக்களஞ்சியம் உருவாக்கிய பெரியசாமித் தூரன் ஈரோட்டுப் பக்கம் மஞ்சக்காட்டு வலசுக்காரர். இந்த மண்ணில் பிறந்தவர்கள் பிள்ளைகளுக்காக அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள். அதே மண்ணில் ஒரு பிள்ளை யானைப் படத்தைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறது. கோவையில் பெரியார் பெயரில் பெரிய நூலகத்துக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். நல்ல காரியம்தான். ஆனால் இரண்டு பஸ் மாறி, பால் பாட்டிலும் மாற்றுத் துணியும் தூக்கிக்கொண்டு, வாரா வாரம் எந்தத் தாய் அங்கே போக முடியும்? எங்களுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிற நூலகம் இதுதான். மேடைக்கு மேடை "இந்தக் காலத்துப் பிள்ளைகள் செல்போனே கதியென்று கிடக்கிறார்கள்" என்று பேசுகிறார்கள். கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. செல்போனுக்கு யாரும் பூட்டுப் போடவில்லை. எந்த வீட்டிலும் கைக்கெட்டுகிற இடத்தில்தான் கிடக்கிறது. புத்தகத்துக்குத்தான் பூட்டு.

எங்கேயோ போய்விட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

அந்த பீரோவைத் திறந்து வையுங்கள். திறப்பதற்கு முன்னால் நூலகருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் புத்தகம் கிழிந்தாலோ கடிபட்டாலோ அது தேய்மானம், அதற்கு அவர் காசு கட்ட வேண்டியதில்லை என்று. இது முடியாத காரியமாக எனக்குத் தெரியவில்லை. தினமும் வாங்குகிற செய்தித்தாள் நாலு பேர் கை பட்டுக் கசங்குகிறது, கட்டுக் கட்டாக எடைக்குப் போகிறது. அதற்காக எந்த நூலகரிடமும் விளக்கம் கேட்டதாகத் தெரியவில்லை. குழந்தைப் புத்தகமும் அப்படிப் புழங்கித் தேய்கிற பொருள்தான். ஐந்து வருஷம் கழித்தும் மடங்காமல் பளபளவென்று இருந்தால், அந்தப் புத்தகத்தை ஒரு குழந்தையும் தொடவில்லை என்று அர்த்தம்.

பிள்ளை பெயரில் தனி அட்டை கொடுக்க விதி இல்லையென்றால் என் அட்டையிலேயே கொடுங்கள். நான் கிழித்தால் நான் கட்டுகிறேன். அடுத்த முறை புத்தகம் வாங்கும்போது கெட்டி அட்டைப் புத்தகம் பத்து இருபதாவது சேர்த்து வாங்குங்கள். ஆப்பிளும் பனிக்கரடியும் மட்டும் இல்லாமல் இவர்கள் தினமும் பார்க்கிற எருமையும் தறியும் மஞ்சள் காடும் இருக்கிற புத்தகமாகப் பார்த்து வாங்கினால் இன்னும் நல்லது. பிள்ளைகள் உட்கார ஒரு பாய் வேண்டும், அதற்காகப் பணம் ஒதுக்கச் சொல்லவில்லை. வீட்டில் கோரைப்பாய் இருக்கிறது, நானே கொண்டுவந்து போடுகிறேன். பேப்பர் படிக்கிற பெரியவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் மட்டும் ஒதுக்கிக் கொடுங்கள், அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகள் சத்தம் போடட்டும். எங்கள் தெருவிலேயே மூன்று வயதுக்குள் ஆறு பிள்ளைகள் இருக்கிறார்கள், அத்தனை பேரையும் கூட்டி வருகிறேன். அமுச்சியும் வருவார்.

முதல் வேலையாக அந்த பீரோவை மட்டுமாவது திறந்து வையுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வருகிற ஞாயிறு பத்து மணிக்கு நாங்கள் வருவோம். யானைப் புத்தகம் கீழ்த்தட்டில், இடது பக்கத்திலிருந்து மூன்றாவதாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் நூலக உறுப்பினர் ஒருத்தி