கேரவன் வாங்கும் முன் எடையைப் பாரும்மா

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் சக்கர வீடான கேரவனை வாங்கி ஸ்காட்லாந்து வரை போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நீ படம் அனுப்பிய அந்தக் கேரவன்தான் வேண்டாம்.

கதவோரத் தகட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாமானோடு சேர்த்து அதிகபட்சம் 1,450 கிலோ. உங்கள் கார் 1,380 கிலோ. முன்னால் போவதைவிடப் பின்னால் வருவது கனம்! கார் புத்தகத்தில் 1,500 கிலோ வரை இழுக்கலாம் என்று இருப்பதாக மாப்பிள்ளை சொல்கிறார். இருக்கும்தான். 12 சதவீதச் சரிவுள்ள மேட்டில் நின்ற வண்டி மறுபடி கிளம்புமா என்று பார்த்துப் போடும் எண் அது. மேடு ஏற இன்ஜின் போதும். இறக்கத்திலும் பக்கக் காற்றிலும் பின்னால் வருவதை அடக்க, காருக்குச் சொந்த எடை வேண்டும். நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போன காலத்தில் எந்த டிராக்டரும் இழுக்க மறுத்ததில்லை. பாலத்து இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போதுதான் வயிற்றைக் கலக்கும்.

புதிதாக இழுப்பவர்களுக்கு உங்கள் பிரிட்டனிலேயே ஒரு கணக்கு சொல்கிறார்கள். கேரவனின் முழு எடை, கார் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சட்டமில்லை, அறிவுரைதான். நீ சட்டமாகவே எடுத்துக்கொள். உங்கள் காருக்கு 1,173 கிலோ வருகிறது. அதற்குள் சின்ன கேரவனாகப் பாருங்கள். பேரன் உங்கள் நடுவில் படுத்துக்கொள்ளட்டும், கெட்டுப்போக மாட்டான். 2021 டிசம்பர் 16 முதல் சாதாரண கார் லைசென்ஸிலேயே 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்று அங்கே மாற்றிவிட்டார்கள். அது லைசென்ஸ் கணக்கு, உங்கள் கார் தாங்கும் கணக்கு இல்லை.

அப்புறம், சாமான் அடுக்குவது. கனமானதெல்லாம் கீழே, அச்சுக்கு நேர் மேலே. காரோடு கேரவனை மாட்டும் கொக்கியில் இறங்கும் பாரம் கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். காருக்கும் கொக்கிக்கும் தனித்தனி வரம்பு போட்டிருப்பார்கள், அதில் குறைந்ததைத் தாண்டாதே. முன்சக்கரம் தூக்கிக்கொண்டு போகும் கரும்பு டிராக்டரைப் பண்ருட்டி ரோட்டில் எத்தனை முறை பார்த்திருப்பாய்! கொக்கியில் பாரம் கூடினால் அப்படித்தான், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. குறைந்தாலோ இன்னும் மோசம், கேரவன் வாலை ஆட்ட ஆரம்பிக்கும். ஆடினால் பதறிப்போய் பிரேக்கை மிதிக்கக் கூடாது, வேகத்தைக் கூட்டியும் சமாளிக்கக் கூடாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் தானாக அடங்கும். மாப்பிள்ளையிடம் இதை அவசியம் சொல். அவர் கால் கொஞ்சம் அவசரக்கால்.

மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல், நடுவில் தடுப்பில்லாத சாதாரண ரோட்டில் 50 மைல், அவ்வளவுதான். மூன்று லேன் இருந்தால் வலது ஓரத்துக்குப் போகவே கூடாது. கொக்கி கழன்றால் கேரவனின் பிரேக்கை இழுத்துவிடும் மெல்லிய கம்பி ஒன்று இருக்கும். கிளம்பும்போதெல்லாம் அதை மாட்டியாயிற்றா என்று நீயே இறங்கிப் பார். டயர் பட்டன் தேயாமல் இருந்தாலும், தயாரித்து ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மாற்றிவிடு. நின்றே கிடக்கும் வண்டியின் டயர் ஓடாமலே கெடும்.

கார் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒரு தகடு இருக்கும். அதில் வரிசையாக எடைகள். முதலாவது, ஆளும் சாமானும் ஏறிய கார் அதிகபட்சம் இருக்கலாம் என்ற எடை. இரண்டாவது, காரும் கேரவனும் சேர்ந்து அதிகபட்சம் இருக்கலாம் என்ற எடை. இரண்டாவது எண்ணே இல்லையென்றால் அந்தக் கார் எதையும் இழுக்கக் கூடாது. முன்பணம் கொடுப்பதற்கு முன் அதைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா