பலகையில் பெயர் இல்லாதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

கொட்டாஞ்சேனையிலுள்ள எமது பழைய வாசிகசாலை மண்டபம் திருத்தப்பட்டுச் சென்ற ஞாயிறு மீண்டும் திறக்கப்பட்டது. பணம் தந்தவர்களின் பெயர்கள் வாசற்பலகையில் இருக்கின்றன. அவர்களுக்கு மேடையிலேயே நன்றி சொல்லியாயிற்று. இம்மடல் மற்றவர்களுக்கு.

முதலில் மின்வேலை பாஸ் (கைவினைஞரை இங்கே ‘பாஸ்’ என்போம்). மரச்சட்டத்துக்குள் ஓடிய பழைய வயர்களின் ரப்பர் உறை, விரல் பட்டதும் ரஸ்க் போல உதிர்ந்தது. எர்த் கம்பி என்ற ஒன்று அந்தக் கட்டடத்தில் இருக்கவே இல்லை. சுவரைக் கொத்திக் குழாய்களைப் புதைத்தால் இரண்டே வாரத்தில் முடியுமே என்று அவசரப்படுத்தியவன் நான்தான். அவர் சுவரைத் தட்டிக் காட்டினார்: உள்ளே கபுக் கல் (செம்பூரான் கல்), மேலே சுண்ணாம்புச் சாந்து. “கோடு கிழிக்கப் போனால் பாளமாக வரும், ஐயா” என்றார். மரக்கூரைத் தட்டின் மேல் தவழ்ந்து, தூண்களின் பின்புறமாக வயர்களை இறக்கினார். ஆறு வாரம் பிடித்தது. என் முணுமுணுப்பையும் சேர்த்தே பொறுத்துக்கொண்டார். வட்டமுனை பிளக்குகள் போய் இப்போது 13 அம்பியர் சதுரமுனை. 30 மில்லியம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சும் உண்டு.

கொத்தித்தான் ஆகவேண்டிய இரண்டு இடங்களில் சீமெந்து பூச விடாத மேசன் பாஸுக்கும் நன்றி. சீமெந்து ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும், பக்கத்துச் சாந்தும் ஊதிப் பெயரும் என்று அவர் சிங்களத்தில் விளக்க, எமது காவலாளி தமிழில் சொன்னார். பழைய சோனகத் தெருவில் மூன்று கடை ஏறி இறங்கிச் சுண்ணாம்பு வாங்கி வந்தவரும் அதே காவலாளிதான்.

இரண்டடிச் சுவரைத் தாண்டி வைஃபை போகாது என்பதை, கைத்தொலைபேசியோடு மூலைக்கு மூலை நின்று காட்டிய மூன்று மாணவர்கள், பின்னர் அறைக்கு அறை கேபிளும் இழுத்துத் தந்தார்கள். கூலி, தேநீரும் வடையும்.

திறப்பு விழாவில் அலறியது தீ அல்ல, சாம்பிராணி. புகையுணரிக்குப் புகை என்றால் புகைதான். சுவாமி படத்தடி என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. மறுநாளே அந்த மூலையில் மட்டும் வெப்பவுணரியைப் பொருத்தித் தந்த இளைஞருக்கு எமது குழுவின் நன்றியோடு மன்னிப்பும். முதல் நாளே அவர் எச்சரித்திருந்தார்.

எந்த வயர் எங்கே போகிறது என்று கையால் வரைந்து தந்த ஓய்வுபெற்ற பொறியியலாளரின் படம், பிரதான சுவிட்ச் பெட்டியின் கதவுக்குள் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது. இனி வேலைக்கு வருபவர்கள் துளையிடுமுன் அதைப் பார்க்கவும்.

அலுமினிய ஏணி ஒன்று இன்னும் மண்டபத்தில் இருக்கிறது. யாருடையது என்று தெரிவித்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவோம்.

செயலாளர்,
மண்டபத் திருத்தப்பணிக் குழு,
கொழும்பு 13.