சிவப்பு வலது, மஞ்சள் இடது

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. பருப்புப் பொடியில் இந்தத் தடவை பெருங்காயம் கொஞ்சம் தூக்கல், பார்த்துப் போட்டுக்கொள். டப்பாவுக்கு அடியில் உன் ஈசிஜி தாளை மடித்து வைத்திருந்தேனே, பார்த்தாயா? பொங்கலன்று நீ துவைக்கப் போட்ட பேண்டில் இருந்தது. முதலில் அதை ஜெராக்ஸ் எடு. சூட்டில் அச்சாகிற தாள், வைத்திருந்தால் கோடு மங்கிவிடும்.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கம்பெனி செக்கப் என்பாய். செக்கப்பை ராத்திரி 11:40க்கா எடுப்பார்கள்? தேதியும் நேரமும் தாளிலேயே இருக்கிறது. அன்றைக்கு எட்டு மணிக்குத்தான் ‘சாப்பிட்டாச்சும்மா, தூங்கப் போறேன்’ என்று போனை வைத்தாய். சரி, விடு.

தாளின் முதல் வரியான ஒன்றாம் லீடில் அலையெல்லாம் தலைகீழாகக் கிடந்தது. சோப்புக் கையோடு கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம்தான் வலது கைப் பக்கத்து லீடான ஏவிஆரைப் பார்த்தேன். கீழ்நோக்கி இருக்க வேண்டியது நிமிர்ந்து நிற்கிறது. நெஞ்சில் எடுத்த ஆறும் ஒழுங்காக இருக்கின்றன. இரண்டு கை வயரையும் மாற்றி மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதன் மேல் யாரோ பேனாவால் ‘நார்மல்’ என்று வேறு எழுதியிருக்கிறார்கள். 28 வருஷ ஈசிஜி சர்வீஸில் என் கையில் ஒரு வயர் மாறியதில்லை.

நீயாவது கவனித்திருக்கலாம். எட்டாம் வகுப்பிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்து கட்டம் எண்ணினவன் நீ. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கே நீதான் சொல்லிக்கொடுப்பாய்: உயரமாக நிற்கிற இரண்டு ஆர் முனைக்கு நடுவில் எத்தனை பெரிய கட்டமோ, அதால் 300ஐ வகு. உன் தாளில் மூன்றுதான் இருக்கிறது. படுத்துக்கிடக்கிறவனுக்கு நிமிஷத்துக்கு நூறு துடிப்பு எதற்கு? காபியைக் குறை.

அந்த ‘நார்மலை’ மட்டும் நம்பி இருந்துவிடாதே. அந்தத் தாளில் இருப்பது பத்து விநாடி. மற்ற நேரத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

அப்பா விஷயத்தில் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவந்தவர், நெஞ்சு எரிகிறது என்றார். டூட்டி டாக்டரைக் கூப்பிடாமல் நானே எடுத்தேன், நானே பார்த்தேன். மாரடைப்பைக் காட்டுகிற எஸ்டி கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அடைப்பு இருந்தாலும் தாளில் தெரிய நேரம் பிடிக்கலாம், வலி விடவில்லையென்றால் அரை மணிக்குள் இன்னொன்று எடுக்க வேண்டும், டாக்டர் பார்க்காமல் அனுப்பக் கூடாது. ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். வெளியே ஏழு பேர் காத்திருந்தார்கள். ‘வாயுதான், போய்ப் படுங்க’ என்றேன். அத்தையிடம்கூட இதைச் சொன்னதில்லை. அந்தத் தாள் பீரோவில்தான் இருக்கிறது. கோடெல்லாம் போய் இப்போது வெறும் சிவப்புக் கட்டம்.

வயர் மாறியதைச் சொல்லியாவது மறுபடி ஒன்று எடு. படுத்ததும் நீயே குனிந்து பார்: வலது கையில் சிவப்பு, இடது கையில் மஞ்சள். ரத்தப் பரிசோதனையும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேள். மறுபடி நெஞ்சு வலித்தால் விடியட்டும் என்று இருக்காதே, 108-ஐக் கூப்பிடு. அப்புறம் என்னைக் கூப்பிடு, எத்தனை மணியானாலும்.

ஜெராக்ஸ் இரண்டாக எடு. ஒன்று எனக்கு.

பொடிக்கு நெய் வேண்டாம், நல்லெண்ணெய் போதும்.

அம்மா