பொம்பளைப் பிள்ளை சிகரெட் பிடித்தால்…

அன்புள்ள அக்கா மகளுக்கு,

உன் பையில் லைட்டர் இருந்ததைப் பார்த்துவிட்டு அக்கா எனக்குப் போன் போட்டு ஒரு பாட்டம் அழுதாள். "பொம்பளைப் பிள்ளை செய்யற வேலையா இது? வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்?" உன் நுரையீரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அப்பா மொட்டைமாடியில பிடிக்கிறப்போ யார் கேட்டீங்க?" என்று நீ திருப்பிக் கேட்டாயாம். நியாயம்தான். அந்த விஷயத்தில் நான் உன் கட்சி.

ஆனால் "இது என் சுதந்திரம்" என்றும் சொன்னாயாமே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. 1929-இல் நியூயார்க்கின் ஈஸ்டர் ஊர்வலத்தில் சில இளம்பெண்கள் நடுத்தெருவில் சிகரெட் பற்றவைத்தார்கள். 'சுதந்திரத்தின் தீப்பந்தங்கள்' என்று அதற்குப் பேர். ஏற்பாடு செய்தவர் எட்வர்ட் பெர்னேஸ் என்ற விளம்பர ஆலோசகர். அவருக்குச் சம்பளம் கொடுத்தது லக்கி ஸ்டிரைக் சிகரெட் விற்ற அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி. பெண்கள் வெளியில் புகைக்கத் தயங்கியதால் பாதிச் சந்தை கைவிட்டுப் போகிறதே என்பதுதான் அவர்கள் கவலை. 1968-இல் பெண்களுக்கென்றே விர்ஜினியா ஸ்லிம்ஸ் என்ற சிகரெட் வந்தது. அதிலும் அதே விடுதலைப் பேச்சுதான், கூடவே 'ஸ்லிம்'. ஒல்லியாக இருக்கும் ஆசையையும் சேர்த்தே விற்றார்கள்.

அந்த ஆசை லேசானதில்லை. நிகோடின் பசியைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், உண்மை. விட்ட முதல் வருஷத்தில் சராசரியாக நாலைந்து கிலோ ஏறும், அதுவும் உண்மை. அந்தப் பயத்திலேயே விடாமல் இருக்கிற பெண்கள் நிறையப் பேர். ஏறிய எடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

'மைல்டு' சிகரெட்தானே என்று சமாதானம் சொல்லாதே. அந்த ஃபில்டரில் பொடிப்பொடியாக ஓட்டைகள் இருக்கும். சோதனை இயந்திரம் இழுக்கும்போது அது வழியே காற்று கலந்து நிகோடின், தார் அளவு குறைவாகக் காட்டும். நீ பிடிக்கும்போது விரலும் உதடும் பாதி ஓட்டையை அடைத்துவிடும், போதாததற்கு இன்னும் ஆழமாக இழுப்பாய்.

எனக்கு இதையெல்லாம்விடப் பெரிய பயம் நீ ஒளிந்து பிடிப்பதுதான். பாத்ரூம் ஜன்னல், மின்ட், சென்ட் என்று மறைத்துப் பழகியவள் டாக்டரிடமும் மறைப்பாள். மாதவிலக்குக் கோளாறுக்கோ கருத்தடைக்கோ ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எழுதுமுன் "புகைப்பீங்களா?" என்று கேட்பார்கள். பக்கத்தில் அம்மா இருந்தால் 'இல்லை' என்றுதான் சொல்வாய். மாத்திரையும் சிகரெட்டும் சேர்ந்தால் ரத்தக்கட்டு, மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடும். 35 வயதுக்கு மேல் இன்னும் மோசம். விட நினைத்தாலும் இதே கதைதான். முதல் இரண்டு மூன்று நாள் எரிச்சலும் தூக்கமின்மையும் ஆட்டிவைக்கும். ஏன் எரிந்து விழுகிறாய் என்று வீட்டில் யாருக்கும் புரியாது.

அதனால் டாக்டரிடம் போகும்போது அம்மாவை வெளியே உட்காரச் சொல். நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பேட்ச் என்று உதவிக்கு வழிகள் இருக்கின்றன, கேள். துணை வேண்டுமென்றால் நான் வருகிறேன். அக்காவைச் சமாளிப்பது என் பொறுப்பு. மொட்டைமாடிக்காரரிடமும் பேசப்போகிறேன், அவரை மட்டும் சும்மா விடுவதாக இல்லை.

அன்புடன்,
சித்தி