விடைபெற்ற தோழர்களின் பக்கங்களை எழுதித் தந்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். கிண்டி பொறியியல் கல்லூரியில் 1970இல் சேர்ந்து 1975இல் சிவில் பிரிவில் பட்டம் பெற்ற எங்கள் வகுப்பின் ஐம்பதாம் ஆண்டு நினைவு மலர் சென்ற வாரம் அச்சாகிக் கைக்கு வந்துவிட்டது. உயிரோடிருக்கும் நாங்கள் பணியில் செய்தவை முற்பாதியிலும், மறைந்த தோழர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் பிற்பாதியிலும் உள்ளன. முற்பாதியை நாங்களே எழுதிக்கொண்டோம். பிற்பாதி முழுவதும் நீங்கள் தந்தது. மறைந்தவர்களைப் பற்றிய நன்றியை ஊரறியச் சொல்வதே முறை என்று தோன்றியதால், தொகுப்பாளன் என்ற முறையில் இதைப் பொதுமடலாக எழுதுகிறேன்.

1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய எங்கள் கல்லூரிக்குப் புகழ்பெற்ற மாணவர்கள் பலர் உண்டு. 1943இல் இங்கே இயந்திரப் பொறியியல் முடித்து குஜராத்தின் ஆனந்த் நகரில் பால் கூட்டுறவை வளர்த்த வர்கீஸ் குரியன் 2012இல் காலமானபோதும், நாட்டின் தொடக்ககாலக் கணினியான டிஃப்ராக்கை உருவாக்கிய ஆர். நரசிம்மன் 2007இல் மறைந்தபோதும், எங்களுக்குச் சற்று மூத்தவரான கிரேசி மோகன் 2019இல் மறைந்தபோதும் அவர்களைப் பற்றி எழுதப் பலர் இருந்தார்கள். செயற்பொறியாளராக ஓய்வுபெற்று ஊரோடு இருந்துவிட்ட ஒருவர் காலமானால், குடும்பத்தார் பணம் கட்டி வெளியிடும் சிறு விளம்பரத்தோடு செய்தி முடிந்துவிடுகிறது. பாலத்துக் கல்வெட்டில் திறந்துவைத்தவர் பெயர் இருக்கும். கான்கிரீட் போட்ட இரவுகளில் அங்கே விழித்து நின்ற உதவிப் பொறியாளர் பெயரைத் தேட, வீட்டுப் பரணைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

அப்படிப் பரணிலிருந்து இறங்கியதுதான் திண்டுக்கல்லிலிருந்து வந்த அந்த லெவல் புத்தகம், அதாவது இடங்களின் உயர அளவீடுகளைக் குறித்துவைக்கும் களப் புத்தகம். 1974இல் வேலை தொடங்கி 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலத்தில் சில ஆண்டுகள் பணியாற்றிய எங்கள் தோழருடையது அது. பேக் சைட், ஃபோர் சைட் (பின்நோக்கு, முன்நோக்கு அளவீடுகள்) என்று கட்டம் கட்டமாக எண்கள். உப்புக்காற்றில் பழுத்துப்போன தாள். கடைசி நான்கு பக்கங்களில் அவர் துணைவியாரின் கையெழுத்தில் பால் கணக்கு. "தப்பாப் போட்டா அழிக்க மாட்டாங்க தம்பி, ஒரு கோடு கிழிச்சுட்டுப் பக்கத்துலதான் எழுதுவாங்க" என்று அந்த அம்மா சொன்னார்கள். எந்த அளவீட்டையும் அழிக்கக் கூடாது என்பது சர்வே கேம்ப்பில் (நில அளவைப் பயிற்சி முகாமில்) எங்களுக்குக் கற்பித்த முதல் பாடம். பொறியியல் படிக்காத ஒருவர், கணவர் போய்ப் பதினோரு ஆண்டுகள் கழித்தும் அதை நினைவில் வைத்திருந்து சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா, உங்களுக்கு என் முதல் வணக்கம்.

மின்வாரியத்தில் பணிபுரிந்த இன்னொரு தோழரைப் பற்றி அவர் பிள்ளைகளுக்கே அதிகம் தெரியவில்லை. ஆனைமலையில், மலைக்குள் குடைந்து 400 மெகாவாட் திறனில் அமைத்த கடம்பாறை நீரேற்று மின்நிலையப் பணியில் அவருக்குக் கீழே வேலை பார்த்த ஒர்க் இன்ஸ்பெக்டர் ஒருவர், எண்பது வயதைக் கடந்த நிலையிலும், தொலைபேசியில் இரண்டு மணி நேரம் பேசினார். சுரங்கத்தில் வெடி வைத்துப் புகை அடங்கியதும், ஆட்களை நிறுத்திவிட்டு, கம்பியால் கூரைப் பாறையைத் தட்டிப் பார்க்க முதலில் உள்ளே போனவர் எங்கள் தோழர்தானாம். அந்தக் குறிப்பை நீங்கள் சொன்ன சொற்களிலேயே அச்சிட்டிருக்கிறோம், ஐயா.

எங்கள் வகுப்பில் படித்த பெண்கள் மிகச் சிலர். அவர்களுள் மறைந்த ஒருவரைக் கண்டுபிடிக்க ஓராண்டுக்கு மேலாயிற்று. கல்லூரிப் பதிவில் தந்தையின் தலைப்பெழுத்து. பணிப் பதிவேட்டில் கணவரின் தலைப்பெழுத்து. இரண்டும் ஒருவரே என்று சொல்ல ஆளில்லை. அவர் பணியாற்றிய அலுவலகத்தில் பழைய கோப்புகள் கழிக்கப்பட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு பெயர்களையும் இணைத்து, சான்றிதழ் நகல்களுடன் எங்களுக்கு எழுதியவர் அவருடைய மகள். இக்கல்லூரி 1940இல் முதன்முதலாகச் சேர்த்துக்கொண்ட பெண்களுள் ஒருவரும், பின்னாளில் வட இந்தியாவின் பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்பாதை வடிவமைப்பில் பங்கேற்றவருமான ஏ. லலிதா 1979இல் மறைந்தார். அவரைப் பற்றி இன்று நாம் அறிவதில் பெரும்பகுதி அவர் மகள் வழியே கிடைத்ததுதான். எங்கள் தோழியின் மகளும் அதே பணியைச் செய்திருக்கிறார். நன்றி அம்மா.

மறைந்த நாளைக் குறிப்பதிலும் சிக்கல் எழுந்தது. பல வீடுகளில் திதியைத்தான் சொன்னார்கள். ஆங்கிலத் தேதி யாருக்கும் நினைவில்லை. "ஆவணி வளர்பிறை தசமி, பேரன் பிறந்த வருஷம்" என்று சொன்னால் அச்சில் எப்படிப் போடுவது? பழைய பஞ்சாங்கங்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருந்த மயிலாப்பூர்ப் பெரியவர் ஒருவர், ஒவ்வொரு திதிக்கும் தேதி கண்டு சொன்னார். கைம்மாறாக எதையும் வாங்க மறுத்துவிட்டார். பழைய பணிமூப்புப் பட்டியல்களைக் காத்து வைத்திருந்து பதவி உயர்வு ஆண்டுகளைச் சரிபார்த்துத் தந்த ஓய்வுபெற்ற கண்காணிப்பாளருக்கும், மெய்ப்புத் திருத்திய தமிழாசிரியைக்கும், மறைந்த தோழர்களின் துணைவியருக்கு மலர் இலவசமாகப் போய்ச் சேர வேண்டும் என்று செலவை ஏற்ற வெளிநாட்டுத் தோழர்களுக்கும் வகுப்பின் சார்பில் நன்றி.

மலரின் முதல் படிகள் மறைந்தவர்களின் வீடுகளுக்கே செல்கின்றன. இந்த வாரம் அஞ்சலில் சேர்த்துவிட்டோம். நீங்கள் அனுப்பிய புகைப்படங்களும் சான்றிதழ்களும் விரைவு அஞ்சலில் திரும்பி வரும். அந்த லெவல் புத்தகத்தை மட்டும் அஞ்சலில் அனுப்ப மனம் வரவில்லை. தை பிறந்ததும் நாங்கள் மூன்று பேர் திண்டுக்கல்லுக்கு வந்து, அம்மாவின் கையிலேயே கொடுக்கிறோம்.

நன்றியுடன்,
மலர்த் தொகுப்பாளன்,
1975 சிவில் வகுப்பு, கிண்டி