ஊஞ்சலடியில் தொலைந்த தோடும் ஓயாமல் கத்தும் டிடெக்டரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூங்காவுக்குப் போய் வந்த பிறகுதான் குழந்தையின் காதில் தோடு இல்லை என்பதே பல வீடுகளில் தெரியவருகிறது. மெட்டல் டிடெக்டர் இப்போது இணையத்தில் எளிதாகக் கிடைப்பதால், வாங்கியோ இரவல் பெற்றோ ஊஞ்சலடிக்குப் போகிறார்கள். அங்கே கருவி ஓயாமல் கத்துகிறது. சரக்கு மட்டம் என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். உண்மையில் கருவி தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. ஊஞ்சலைக் கண்டுபிடித்துவிட்டு அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

காயிலின் (கருவியின் அடியில் உள்ள, மண்ணுக்கு மேல் வீசும் வட்டத் தட்டின்) காந்தப்புலம் கீழே மட்டும் இறங்குவதில்லை, பக்கவாட்டிலும் விரிகிறது. 11 அங்குலக் காயில், ஜி.ஐ. பைப் ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் ஒரு மீட்டர் தள்ளியிருந்தே உணரக்கூடியது. அந்தக் கூச்சலில் திருகாணியின் முனகல் எங்கே கேட்கும்? உடனே பலரும் சென்சிடிவிட்டியை (உணர்திறனை) கூட்டுகிறார்கள், கூச்சல்தான் கூடும். இரும்பை ஒதுக்கும் வசதியும் இங்கே கைகொடுக்காது. பெரிய இரும்பு பக்கத்தில் இருந்தால், எது இரும்பு எது தங்கம் என்று பிரிப்பதற்கு முன்பே கருவி திணறிவிடுகிறது. போதாக்குறைக்கு, சறுக்குமரத்தின் காந்தத்தில் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் தகடும், பைப்பை வளைத்துப் பற்றவைத்த மூடிய சட்டங்களும் பல நேரம் இரும்பாகவே காட்டாமல், உலோகத்தின் வகையைச் சொல்லும் கருவித் திரையில் வெள்ளிபோல உயர்ந்த எண்ணைக் காட்டும்.

முதலில் ஊஞ்சல் சங்கிலிகளை மேல் குழாயில் சுற்றிக் கட்டிவிடுங்கள். காற்றில் ஆடும் சங்கிலி ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சத்தம் கொடுக்கும். மண்ணுக்கு ஏற்பக் கருவியைச் சமன்செய்வதை (மண்ணுக்கே சத்தம் போடாதபடி அமைப்பதை) ஊஞ்சலிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி, அதே மாதிரி மண்ணில் செய்யவேண்டும். கம்பத்தடியில் செய்தால் கம்பத்தோடு சேர்த்துச் சமன் ஆகிவிடும். 5 அல்லது 6 அங்குலச் சின்னக் காயில் மாட்டி, சென்சிடிவிட்டியைப் பாதி அளவுக்கும் கீழே குறையுங்கள். ஆழம் குறையுமே என்று கவலைப்பட வேண்டாம். நேற்று விழுந்த நகை பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கும்.

காயிலை வீசும் திசைதான் எல்லாவற்றிலும் முக்கியம். அசைத்துத் தேடும் வகைக் கருவிகள் மாறாத சமிக்ஞையை வடிகட்டிவிட்டு, மாறுவதை மட்டுமே சொல்லும். கம்பத்தை நோக்கிப் போய்த் திரும்பினால் கம்பம் மாறிக்கொண்டே இருக்கும், கருவியும் கத்திக்கொண்டே இருக்கும். வேலிக்கு இணையாக, ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் வீசினால் வேலி மாறாத பின்னணியாகி அடங்கிவிடும். தனிக் கம்பம் என்றால் அதைச் சுற்றி வில்லாக வீசவேண்டும். கை தானாகவே உள்ளே இழுக்கும். அதற்கு ஒரு மர ரீப்பரைத் தரையில் போட்டு, அதை ஒட்டியே காயிலை நகர்த்துவது நல்லது. ஒரு வரிசை முடிந்ததும் ரீப்பரைக் காயிலின் அகலத்துக்கும் குறைவாக நகர்த்திக்கொள்ளலாம்.

கம்பத்தை ஒட்டிய கடைசி ஒன்றரை அடியில் இந்த வித்தையும் பலிக்காது. கீழே கான்கிரீட், அதற்குள் கம்பியும் இருக்கலாம். இரும்பை நகர்த்த முடியாது, மண்ணை நகர்த்தலாம். மண்ணை 5 செ.மீ. அடுக்குகளாகப் பிளாஸ்டிக் முறத்தால் வாரி, நாலு மீட்டர் தள்ளி விரித்த தார்ப்பாயில் 2 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, அங்கே காயிலை ஓட்டுங்கள். கொத்தனாரின் இரும்புச் சட்டியும் ஆணி அடித்த சல்லடையும் பக்கத்தில் இருக்கக்கூடாது. வாரிய இடத்தை வரிசை வரிசையாகக் கோடு போட்டு வைத்தால்தான் எது முடிந்தது என்று தெரியும்.

எங்கே வாருவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. இருக்கைக்கு நேர்கீழே கால் தேய்த்த பள்ளத்தில் மண் ஓயாமல் கலங்குவதால், மணலைவிடப் பல மடங்கு கனமான தங்கம் அடியில் உள்ள இறுகிய தரைவரை இறங்கிவிடும். அங்கே மட்டும் கெட்டித் தரை தட்டும்வரை வாரவேண்டும். கால்கள் மண்ணை எற்றும் முன்பக்கமும் பின்பக்கமும் மேல் அடுக்கே போதும். சறுக்குமரத்தில் குழந்தை வந்து விழும் இடமும் அந்தப் பள்ளம் மாதிரிதான்.

ஒற்றைத் தோடுதான் தொலைந்தது என்றால் அதன் ஜோடி கையில் இருக்கிறதே! அதை நூலில் கட்டி (இதையும் தொலைத்துவிடக்கூடாது) தார்ப்பாய் மண்ணில் புதைத்துப் பார்த்து, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் 22 காரட் தங்கம் 14, 18 காரட்டைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், வெளிநாட்டு வீடியோக்களில் சொல்லும் எண் இங்கே பொருந்தாது. பான் மசாலா உறையின் ஈயத்தாளும் தங்கம்போலவே காட்டும். அது தொல்லை என்று ஒதுக்கினால் தோடும் சேர்ந்து போய்விடும். மெல்லிய சங்கிலிக்கு டிடெக்டரைப் பெரிதாக நம்பவேண்டாம். கண்ணிகள் ஒன்றோடொன்று சரியாகத் தொடாததால் கருவிக்கு அது முழுச் சங்கிலியாகத் தெரியாது, ஒற்றைக் கண்ணியாகத்தான் தெரியும். மண்ணைச் சல்லடையில் சலிப்பதே மேல்.

வணிக வளாக வாசலில் காவலர் வைத்திருக்கும் கைக்கோல் டிடெக்டர் மண்ணில் தேட உதவாது. ஆனால் மெல்லிசாகப் பரப்பிய தார்ப்பாய் மண்ணுக்கு அதுவே போதும், மோதிரம் மாதிரிப் பொருளைப் பிடித்துவிடும்.

தோண்டுமுன் பூங்கா நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிவிடுங்கள். அடியில் விளக்குக் கம்பத்தின் கேபிள் ஓடலாம். பழம்பொருள் ஏதும் தட்டுப்பட்டால் அது வேறு கதை. மண்ணில் மறைந்த 10 ரூபாய்க்கு மேற்பட்ட புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்கவேண்டும் என்கிறது 1878-ம் ஆண்டுச் சட்டம்.

உள்ளாட்சி அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள். நகை தொலைந்ததாகப் புகார் வந்த அன்று ஊஞ்சல் மண்ணை வாரியடித்துச் சமப்படுத்த வேண்டாம் என்று பூங்காப் பணியாளர்களுக்குச் சொல்லிவையுங்கள். ஒரு தார்ப்பாயும் ஒரு பிளாஸ்டிக் சல்லடையும் காவலர் அறையில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சேலம்